வாசலுக்கு ஒரு நாற்காலி

பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் புதுச்சேரியில் இப்போது அதிகமாகிவிட்டார்கள். பிள்ளைகள் பிரான்சிலிருந்து பணம் அனுப்புகிறார்கள், ஓடு மாற்றுகிறார்கள், தூணுக்கு வார்னிஷ் அடிக்கிறார்கள். எல்லாம் முடிந்த பிறகு ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. "சார், தாழ்வாரத்தில் போட என்ன வாங்கலாம்? பிரம்பா, தேக்கா, இரும்பா?" பழைய வீடுகளைப் பற்றி நாலு வரி எழுதினவனுக்கு மரச்சாமான் வியாபாரமும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. கடை விலாசம் என்னிடம் கிடையாது. ஆனால் வாசலில் நாற்காலி போடுகிற பழக்கமே நம்மிடம் எப்படி வந்தது என்பது ஓரளவு தெரியும். அதை எழுதுகிறேன். நடுநடுவே வாங்குவதற்கு உபயோகமான விஷயமும் வரும்.

முதலில் நம் தமிழ் வீட்டை எடுத்துக்கொள்வோம். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, வைசியாள் வீதியிலோ ஈஸ்வரன் தர்மராஜா கோவில் வீதியிலோ ஒரு பழைய வீட்டின் முன் நின்று பாருங்கள். தெருவை ஒட்டி மரத்தூண்களின் மேல் சரிவாக இறங்கும் ஓட்டுக்கூரை இருக்கும். அது தாழ்வாரம். அதற்குப் பின்னால் வாசற்கதவுக்கு இரண்டு பக்கமும் திண்ணை. உள்ளே போனால் நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றி நடை. இந்த ஏற்பாட்டில் வாங்கிப் போட வேண்டிய சாமான் ஒன்றுகூடக் கிடையாது. உட்காரும் இடத்தைக் கொத்தனாரே கட்டிக் கொடுத்துவிட்டார். ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கிற நீளம், சுண்ணாம்புப் பூச்சைத் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய வழவழப்பு, ஒரு கோடியில் தலைக்கோ முதுகுக்கோ சரிவாகக் கட்டிய திண்டு. வெயில் காலத்தில் அந்தப் பூச்சின் குளிர்ச்சிக்கு எந்த மெத்தையும் ஈடில்லை. மிஞ்சிப் போனால் ஒரு கோரைப் பாய்.

இந்த ஆசனத்தின் விசேஷம் என்னவென்றால், அது வீட்டுக்காரன் காசில் கட்டியது, ஆனால் தெருவில் போகிறவனுக்கு. வழிப்போக்கர் படுத்தார்கள். வாத்தியார் பிள்ளைகளை வைத்துப் பள்ளிக்கூடம் நடத்தினார். திண்ணைப் பள்ளிக்கூடம் என்று பெயரே வந்தது. கணக்குப்பிள்ளை கணக்குப் பார்த்தார். வரன் பேசியது, பாகம் பிரித்தது, வம்பு வளர்த்தது எல்லாம் அங்கேதான். வீட்டுக்காரனிடம் அனுமதி கேட்டு யாரும் திண்ணையில் உட்காரவில்லை.

யாரும் என்று எழுதிவிட்டேன், அதைத் திருத்தியாக வேண்டும். நம் தலைமுறை திண்ணையைப் பற்றி எழுதும்போது கண்ணில் நீர் வைத்துக்கொண்டு எழுதுகிறது. சேரியிலிருந்து வந்தவர் அதே தெருவில் நின்றபடிதான் பேச வேண்டியிருந்தது என்பதை விட்டுவிடுகிறது. சில தெருக்களில் நிற்பதற்கே இடமில்லை. திண்ணை ஊருக்குப் பொது என்றால், ஊர் என்பது யார் யார் என்று அன்றைக்கு ஒரு பட்டியல் இருந்தது. உட்காருகிற இடத்தின் வரலாறு என்பது யாரை உட்கார விட்டார்கள் என்கிற வரலாறும்தான்.

வாய்க்காலுக்குக் கிழக்கே, கடல் பக்கம், வேறு கதை. 1761-ல் ஆங்கிலேயர் இந்த ஊரைப் பிடித்து, கோட்டையையும் வெள்ளையர் வீடுகளையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு ஊர் திரும்பி வந்தபின் மறுபடி கட்டியவைதான் நாம் இன்று பார்க்கும் வீடுகளின் மூதாதைகள். அவை தெருவுக்கு முதுகைக் காட்டும். உயரமான மதில், பெரிய வாயிற்கதவு. அதைத் திறந்து உள்ளே போனால்தான் தோட்டமும், தோட்டத்தைப் பார்த்த வரிசைத் தூண்களும், அதற்குள் அகலமான வராந்தாவும் தெரியும். தமிழ் வீடு உட்காரும் இடத்தைத் தெருவுக்குத் தள்ளியது. பிரெஞ்சு வீடு அதை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டது. தூண்களுக்கு நடுவே கட்டிய ஆசனம் எதுவும் இல்லை, வெறும் தளம். ஆகவே அங்கே சாமான் போட்டாக வேண்டும். வாசல் நாற்காலி நம் ஊருக்குள் வந்தது அந்த வழியாகத்தான்.

சொற்களைக் கவனியுங்கள். மேசை, அலமாரி, சன்னல், சாவி இவையெல்லாம் போர்த்துகீசியரிடமிருந்து வந்தவை. நாற்காலிக்கு மட்டும் நாம் கடன் வாங்கவில்லை. காலை எண்ணிப் பார்த்து நாமே பெயர் வைத்துக்கொண்டோம். முக்காலியும் அப்படித்தான். யாழ்ப்பாணத்தார் அதையும் போர்த்துகீசியரிடம் வாங்கிக் கதிரை என்கிறார்கள். அதற்கு முன் நம்மிடம் இருந்தவை பாய், மணை, பலகை, கட்டில். இதில் கட்டில் பெரிய விஷயம். பழந்தமிழில் அரசுகட்டில் என்றால் சிம்மாசனம். தரையிலிருந்து உயரத்தில் உட்காருவது என்றாலே அது ராஜாவின் காரியம். சேரன் அரண்மனையில் முரசு வைக்கிற கட்டிலில், களைப்பில் தெரியாமல் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டார் மோசிகீரனார் என்ற புலவர். தண்டிக்க வேண்டிய குற்றம். தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை வாளை எடுக்காமல் விசிறியை எடுத்து வீசினான். புறநானூற்றில் 50-ஆவது பாட்டு அதைச் சொல்கிறது. தமிழில் மரச்சாமானைப் பற்றிய முதல் நல்ல கதை இதுதான் என்பது என் அபிப்பிராயம். யார் எதில் அமரலாம் என்ற சட்டம் அப்போதே இருந்திருக்கிறது, அதை மீறின ஒருவரும் இருந்திருக்கிறார்.

ஐரோப்பியர் கப்பலில் வந்தபோது அவர்களுக்கு உட்கார உயரமான ஆசனம் வேண்டியிருந்தது. 17-ஆம் நூற்றாண்டில் நம் சோழமண்டலக் கரையிலேயே தச்சர்கள் அவர்களுக்காகக் கருங்காலியில் நாற்காலி செய்தார்கள். முறுக்கு முறுக்காகக் கடைந்த கால்கள், அடர்ந்த பூவேலை, உட்காருமிடத்தில் பிரம்புப் பின்னல். அவற்றில் பல இங்கிலாந்துக்குப் போயின. 18-ஆம் நூற்றாண்டில் ஹொரேஸ் வால்போல் என்ற பெரிய மனிதர் இவற்றைத் தேடித்தேடி வாங்கினார். ஏன் தெரியுமா? அவை ட்யூடர் மன்னர் காலத்து இங்கிலீஷ் நாற்காலிகள் என்று நம்பினார். நம் கரைத் தச்சன் செய்ததை அவர்கள் பாட்டன் சொத்து என்று கொண்டாடியிருக்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் 'ஆன்டிக்' என்று எழுதிப்போட்டு நேற்றுச் செய்ததை விற்கிறார்களே என்று வருத்தப்படும் நண்பர்கள் இதைக் கேட்டு ஆறுதல் அடையலாம். பழசு என்று ஏமாறுவது பெரிய இடத்துப் பழக்கம்.

பிரம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது மூங்கில் வகை அல்ல, மரத்தைப் பற்றி ஏறுகிற ஒரு பனை இனக்கொடி. மலேயா, ஜாவா, சுமத்ரா பக்கங்களிலிருந்து கம்பெனிக் கப்பல்களில் ஐரோப்பாவுக்குப் போய், அங்கே நாற்காலிப் பின்னலாகப் பெரிய நாகரிகமானது. குளிர்நாட்டில் அது வெறும் அழகு. நம் ஊரில் அது அவசியம். வேர்த்து ஒழுகுகிற மே மாதத்தில், முதுகுக்கும் நாற்காலிக்கும் நடுவே காற்றுப் போகிற ஆசனம் வேறு எது? வெல்வெட் வைத்த பாரீஸ் சோபாக்கள் இங்கே பூசணம் பிடித்துப் போயிருக்கும். வராந்தாவில் நிலைத்தது பிரம்புதான்.

அதில் ராஜா, நீளக்கை சாய்வு நாற்காலி. நம்மில் பலர் வீட்டில் இருந்திருக்கும். முதுகு நன்றாகச் சாய்ந்திருக்கும், கைப்பிடி ஒரு முழம் முன்னால் நீண்டிருக்கும். சிலவற்றில் கைப்பிடிக்கு அடியிலிருந்து இன்னொரு பலகையைத் திருப்பி நீட்டலாம். அதன்மேல் இரண்டு காலையும் தூக்கிப் போட்டுக்கொள்ள வேண்டியது. தோட்டத்துரைமார் குதிரையிலிருந்து இறங்கிப் பூட்ஸைக் கழற்ற வசதியாகச் செய்தது என்று சொல்வார்கள். பூட்ஸ் போடாத நம் பெரியவர்களுக்கும் அது பிடித்துப்போயிற்று. நம் ஊரில் முக்கியமாகச் சொல்தாக்களுக்கு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து சைகோன், அல்ஜீரியா என்று சுற்றிவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர்கள். சாயங்காலம் நாலு மணிக்கு வாசலில் அந்த நாற்காலியைப் போட்டுச் சாய்ந்தார்கள் என்றால் தெருவே அவர்கள் பார்வையில்தான்.

இங்கே ஒரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. திண்ணையிலோ தாழ்வாரத்திலோ ஒரு நாற்காலி வந்த அன்றே, பக்கத்தில் இருந்த திண்ணை தரையாகிவிட்டது. அதுவரை வீட்டுக்காரரும் கீரைக்காரியும் ஒரே மட்டத்தில் உட்கார்ந்து பேசினார்கள். இப்போது ஒருவர் நாற்காலியில், மற்றவர் கீழே. நாற்காலிக்குச் சொந்தக்காரர் உண்டு. அவர் இல்லாதபோதும் அதில் மற்றவர் உட்கார மாட்டார்கள். வீட்டுப் பெண்கள் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அவர்களுக்குக் கூடத்து ஊஞ்சல், அதுவும் ஆண்கள் வெளியே போன பிறகு.

நான் படித்தது பிரெஞ்சில். எங்கள் சரித்திரப் புத்தகத்தில் வெர்சாய் அரண்மனை வழக்கம் ஒன்று வரும். பிரெஞ்சில் நாற்காலிக்கு ஒரு சொல் போதாது. கைப்பிடி வைத்தது ஃபோத்தேய், கைப்பிடி இல்லாதது ஷேஸ், முதுகும் இல்லாதது தபூரே. பதினாலாம் லூயி ராஜா சபையில், ராஜா முன்னிலையில் எல்லோரும் நிற்க வேண்டும். கோமகளிர் மட்டும் தபூரேயில் உட்காரலாம். அந்த முக்காலி உரிமைக்காகக் கல்யாணங்களே நடந்திருக்கின்றன, பகை வளர்ந்திருக்கிறது. வகுப்பில் இதைப் படித்துவிட்டுச் சிரித்தோம். பின்னாளில் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்ப் பார்த்தால் அதே வெர்சாய் அங்கே இருந்தது. அதிகாரிக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி, எழுத்தருக்குக் கைப்பிடி இல்லாதது, பியூனுக்கு ஸ்டூல், மனு கொண்டுவந்த பொதுஜனத்துக்குச் சுவர். பதவி உயர்வு வந்த ஒருவர் உத்தரவு நகலைப் படிப்பதற்கு முன் கைப்பிடி நாற்காலி எப்போது வரும் என்று விசாரித்ததை நான் பார்த்திருக்கிறேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். முழங்கையை வைக்க இடம் கிடைப்பது சின்ன விஷயமில்லை.

இந்த மரியாதைக் கணக்கு நம் ஊரில் நெடுங்காலம் ஓடியது. டூப்ளேக்சின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளைக்குக் கிடைத்த பெரிய கௌரவங்களில் ஒன்று, கவர்னர் மாளிகை முற்றம் வரை பல்லக்கில் போகலாம் என்பது. இன்னொன்று, உள்ளே செருப்புப் போட்டுக்கொள்ளலாம் என்பது. கோடீஸ்வர வர்த்தகர், பிரெஞ்சு அரசின் வலது கை, அவருக்கே செருப்பு ஒரு சலுகை. ரங்கப்பிள்ளை வீதியில் உள்ள அவர் மாளிகையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கீழே நம் பாணியில் மரத்தூண், மாடியில் பிரெஞ்சுப் பாணியில் சுண்ணாம்பு பூசிய வெள்ளைத் தூண். இரண்டு விதமாகவும் உட்காரத் தெரிந்த மனிதர் கட்டிய வீடு என்று எனக்குத் தோன்றும். அதற்கு நூறு வருஷத்துக்கும் மேலே கழிந்து, 1873-ல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் போனார். வாதாட விடவில்லை. அவர் விடாமல் பாரீஸ் மேல்நீதிமன்றம் வரை போய் வென்று வந்தார். காலில் என்ன போடலாம் என்பதற்கே அந்தப் பாடு என்றால், எதில் உட்காரலாம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு நல்ல மரச்சாமான் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் இந்த ஊரிலேயே கோல்கொண்ட் இருக்கிறது. ஆசிரமத்தின் விருந்தினர் விடுதி. 1937-ல் வேலை ஆரம்பம். கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்ட், பொஹீமியாவில் பிறந்து தோக்கியோவில் தொழில் செய்தவர். அவருக்காக இங்கே இருந்து வேலை பார்த்தவர் ஜார்ஜ் நகாஷிமா என்ற ஜப்பானிய வம்சத்து அமெரிக்கர். அறைகளுக்கான தேக்குச் சாமான்களையும் அவர் வடிவமைத்தார். ஒரு பூவேலை கிடையாது. மரம், இணைப்பு, அவ்வளவுதான். பிறகு அவர் அமெரிக்கா திரும்பி, யுத்த காலத்தில் ஜப்பானியர் என்பதற்காக முகாமில் அடைபட்டு, அங்கே ஒரு ஜப்பானியத் தச்சரிடம் நுட்பம் கற்று, பெரிய மரவேலைக் கலைஞராகப் பெயர் எடுத்தார். இன்று அவர் பெயர் போட்ட நாற்காலியை நம்மைப் போன்றவர்கள் பார்க்கலாம், வாங்க முடியாது.

வாங்க முடியாதது என்றதும் சண்டிகர் நினைவுக்கு வருகிறது. என்னைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு அது தனியாக வலிக்கிற கதை. 1950-களில் புதுத் தலைநகரம் கட்டியபோது, லெ கொர்புசியேயின் ஒன்றுவிட்ட சகோதரர் பியேர் ஜானரே அங்கேயே தங்கி, அலுவலகங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் ஆயிரக்கணக்கில் சாமான் செய்வித்தார். தேக்குச் சட்டம், பிரம்புப் பின்னல், தலைகீழ் 'வி' மாதிரி விரிந்த கால். சாதாரண அரசாங்க நாற்காலி. வருஷம் ஆனதும் வழக்கப்படி கண்டம் பண்ணி, மொட்டை மாடியில் குவித்து, ஏலத்தில் விறகு விலைக்குத் தள்ளினார்கள். வெளிநாட்டு வியாபாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். பாரீசிலும் நியூயார்க்கிலும் ஏலத்தில் லட்சம் லட்சமாகப் போன பிறகு, 2011-ல் மத்திய உள்துறை விழித்துக்கொண்டு விற்பனைக்குத் தடை போட்டது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், நாற்காலியின் பின்னால் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய இருப்புப் பதிவேட்டு எண். அது இருந்தால் அசல் என்று அர்த்தமாம், விலை கூடுதலாம். ஏதோ ஓர் எழுத்தர் பிரஷ்ஷைப் பிடித்து அலுத்துக்கொண்டே எழுதிய எண் அது.

பிரம்பு நாற்காலி அலுவலகத்தில் இருந்தவரை இன்னொரு மனிதருக்கும் அங்கே வேலை இருந்தது. நாற்காலிக்குப் பிரம்பு பின்னுகிற வேலையைப் பல அரசு அலுவலகங்களில் பார்வையற்றவர்களுக்குக் கொடுப்பார்கள். நான் பணியாற்றிய இடத்துக்கும் ஒருவர் வருவார். வராந்தாவில் தரையில் உட்கார்ந்து, பிரம்பை ஒரு வாளித் தண்ணீரில் ஊறப் போட்டு, சட்டத்தில் உள்ள துளைகளை விரலால் எண்ணிக்கொண்டு ஆரம்பிப்பார். நெடுக்கில் இரண்டு, குறுக்கில் இரண்டு, மூலைக்கு மூலை இரண்டு என்று ஆறு தடவை இழை ஓட வேண்டும். அப்போதுதான் அந்த எட்டு மூலைக் கண் விழும். தொய்ந்த பழைய பின்னலைத் தடவிப் பார்த்தே "இவரு ஒரு பக்கமாச் சாய்ஞ்சே உக்கார்றவரு" என்பார். சரியாக இருக்கும். பின்னி முடித்ததும் இழை தாங்குகிறதா என்று தானே ஒருமுறை உட்கார்ந்து, இரண்டு கைப்பிடியையும் பிடித்துப் பின்னால் சாய்ந்து பார்ப்பார். இயக்குநர் நாற்காலியானாலும் சரி. அந்தக் கட்டடத்தில் எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்த ஒரே ஆள் அவர்தான். ரெக்சின் வைத்த சுழல் நாற்காலிகள் வந்த பிறகு அவரைக் கூப்பிட வேண்டிய அவசியம் வரவில்லை. பிரம்பு நாற்காலிகள் கண்டம் ஆகிப் போயின. எத்தனை போயின என்று பதிவேட்டில் எண் இருக்கிறது. அவர் வரவு நின்றதற்கு ஒரு பதிவும் இல்லை.

இனி பிளாஸ்டிக் நாற்காலி. என் வயதுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், நான் சுளிக்க மாட்டேன். அதற்கும் ஒரு பிரெஞ்சுத் தகப்பன் உண்டு. 1972-ல் ஆன்றி மசொனே என்ற பொறியாளர் 'ஃபோத்தேய் 300' என்று ஒன்றைச் செய்தார். உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்தினால் இரண்டு நிமிஷத்துக்குள் ஒரே வார்ப்பாக நாற்காலி வெளியே வரும். ஆணி இல்லை, பின்னல் இல்லை, தச்சன் இல்லை. அவர் வைத்த பெயரைப் பாருங்கள், ஃபோத்தேய். கைப்பிடி வைத்தது! வெர்சாயில் ராஜ குடும்பத்துக்கு மட்டும் உரிய ஆசனம். 1990-களில் அது நம் ஊரிலும் மலிந்தது. கல்யாணப் பந்தல், துக்க வீடு, டீக்கடை, கட்சிக் கூட்டம் எல்லா இடத்திலும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, இறக்கிப் போட்டார்கள். எல்லாம் ஒரே உயரம், எல்லாவற்றுக்கும் கைப்பிடி. வீட்டுக்காரருக்கு ஒன்று, கீரைக்காரிக்கு ஒன்று. சீர்திருத்தக்காரர்கள் பேசிப்பேசி முழுசாகச் செய்ய முடியாததில் ஒரு சின்னப் பங்கை அந்த அச்சு இயந்திரம் செய்தது என்றே நினைக்கிறேன். தனி டம்ளர் வைத்த கடையில்கூட நாற்காலியைத் தனியாக அடையாளம் காண்பது கஷ்டமாகிவிட்டது. ஆனால் வெயிலில் போட்டால் நாலைந்து வருஷத்தில் வெளுத்து மொரமொரத்து, கனத்த சரீரம் உட்காரும்போது காலைப் பரப்பிவிடும். வயசானவர்கள் ஜாக்கிரதை. இடுப்பு எலும்பு பிளாஸ்டிக்கைவிட விலை கூடியது.

இப்போது கேட்ட கேள்விக்கு வருகிறேன். நம் ஊர்க் கடல் காற்றில் உப்பு இருக்கிறது. பூவேலை செய்த இரும்பு நாற்காலியைக் கடற்கரைச் சாலைப் பக்கம் வெளியே வைத்தால், வருஷா வருஷம் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கிற ஆள் உங்களிடம் இருக்க வேண்டும். அலுமினியம் துரு ஏறாது, ஆனால் வெயிலில் சுடும். பிரம்பு கூரைக்குக் கீழே மட்டும். ஐப்பசி மழைச் சாரல் நாலு நாள் பட்டால் கறுத்துவிடும். ரொம்பக் காய்ந்தாலும் இழை ஒடியும், அவ்வப்போது ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பிரம்பு மாதிரியே தோன்றுகிற பிளாஸ்டிக் பின்னல் மழைக்குத் தாங்கும், ஆனால் நடுவில் ஓர் இழை விட்டால் ஒட்டுப் போட ஆள் கிடைப்பது கஷ்டம். தேக்குக்குத் தன் எண்ணெய் உண்டு, கறையான் எளிதில் வராது. வெளியே விட்டால் சாம்பல் நிறமாகும். அது கெட்டுப்போனதல்ல, அப்படியே விடலாம்.

பழைய பிரம்பு நாற்காலி என்று யாராவது விற்றால் சட்டத்தைக் கவனியுங்கள். கையால் பின்னியதென்றால் ஓரத்தில் சுற்றிலும் தனித்தனித் துளை இருக்கும். துளைக்குப் பதில் ஒரே பள்ளமாக ஓடி, அதில் பாய் மாதிரி இயந்திரப் பின்னலை வைத்து ஒரு நாணலால் அடைத்திருந்தால், அது பெரும்பாலும் பின்னாளில் வந்தது. காரைக்குடிப் பக்கம் பழைய சாமான் கடைகளில் இன்னும் நல்ல பர்மாத் தேக்கு கிடைக்கிறது. ஏதோ ஒரு பெரிய வீடு இடிந்ததால்தான் அது கடைக்கு வந்திருக்கிறது என்ற நினைப்போடு பேரம் பேசுங்கள்.

உங்கள் வீட்டில் திண்ணை இன்னும் இருந்தால், நாற்காலி வாங்குகிற பணத்தில் ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுத் திண்ணைக்குப் பழைய சுண்ணாம்புப் பூச்சுப் போடச் சொல்வேன். அந்தப் பூச்சு வேலை தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். புதுப்பிக்கிற வீடுகள் பலவற்றில் முதலில் செய்கிற காரியம், தாழ்வாரத்துத் தூண்களுக்கு நடுவே இரும்புக் கம்பிக் கதவு போட்டுப் பூட்டுவது. அதற்கு உள்ளே இரண்டு 'பிரெஞ்சு பாணி' நாற்காலி. யார் வந்து உட்காரப் போகிறார்கள் என்று தெரியவில்லை. திருட்டுப் பயம் நியாயமானதுதான், வாசலில் தனியாகக் கிடந்த சாய்வு நாற்காலி காணாமல் போன தெரு எனக்கும் தெரியும். திண்ணையை யாரும் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள்.

நாற்காலிதான் வேண்டும் என்றால், கடைக்குப் போகுமுன் டேப்பை எடுத்து அளந்துகொள்ளுங்கள். சாதாரண நாற்காலியின் உட்காருமிடம் தரையிலிருந்து ஏறக்குறைய 45 சென்டிமீட்டர். பழைய திண்ணைகளில் பலவும் அந்த உயரத்துக்குக் கிட்டத்தட்டக் கட்டியவைதான். ஆனால் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டுப் பல தெருக்கள் மேலே ஏறிவிட்டன. நாலு படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது இரண்டு படிதான், சில வீடுகளில் மழைத் தண்ணீர் தாழ்வாரத்துக்கே வருகிறது. தண்ணீர் எதுவரை ஏறும் என்று போன கார்த்திகையின் கறை சுவரிலேயே இருக்கும். நாற்காலிக் காலின் அடிப்பக்கம் அந்தக் கறைக்கு மேலே இருக்க வேண்டும்.